என் புடவை கட்டிய அந்த அம்மா

இன்று காலை குளியலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேல் தட்டில், உங்கள் பழைய ஷேவிங் பிரஷ்ஷுக்குப் பின்னால், கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி கிடந்தது. மூடி இறுகிப் போயிருந்தது. புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகினேன். கிராம்புத் தைலம். அடியில் சில சொட்டுகள்தான் மிச்சம். ஆனால் அந்த வாசனை அறை முழுக்கப் பரவி, நான் கதவைத் திறந்தபோது எனக்கு முன்னால் வெளியே போயிற்று. யாரோ கூடத்துக்கு நடந்து போனது போலவே இருந்தது. வழி விட்டு நிற்பவளைப் போல நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

நீங்கள் அதைப் பஞ்சில் நனைத்து ஈறில் அடக்கிக்கொண்டு, அரை வாயால் பேசுவீர்கள். கல்யாணமான காலத்திலிருந்தே உங்களுக்கு ஈறு சரியில்லை. பல் துலக்கினால் வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாக ஓடும். டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னால், "பல்லுலதானே ரத்தம் வருது, தலையிலயா வருது?" என்பீர்கள். அந்தப் பேச்சுக்கு நாம் இருவரும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எது நின்றாலும் உங்களுக்குத்தான் போன் வரும். நான் பிரம்மதேசத்தில் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அதனால் ஊரில் உங்களுக்கு 'டீச்சர் வூட்டுக்காரர்' என்றே பெயர். நீங்களும் வெளியாட்களிடம் என்னை 'எங்க டீச்சர்' என்றுதான் சொல்வீர்கள். வீட்டுக்குள் வந்தால் வசந்தா.

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே உங்கள் மறதி தொடங்கியது. முதலில் அதைப் பார்த்தது உங்களோடு வேலை செய்த ஏழுமலை. ஒரு நாள் உப்பளத்திலிருந்து போன் செய்தான். "டீச்சர், அண்ணன் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. மாட்டுங்கண்ணான்னா, 'இது யாரோடது'ன்னு கேக்குறாரு." நான் வந்து பார்த்தபோது, சாக்கின் மேல் பரப்பிய உதிரிப் பாகங்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு போல்ட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தீர்கள், ஏதோ பழக்கமில்லாத ஊரின் நாணயத்தைப் பார்ப்பது போல.

புதுச்சேரியில் அந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, நிறைய கேள்வி கேட்டு, டிமென்ஷியா என்றார். மறதி நோய். பிறகு ஏனோ, "கொஞ்சம் வாயைத் திறங்கய்யா" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா ஈறு இப்படி இருக்குதும்மா?"

"எனக்குத் தெரிஞ்ச நாளா இப்படித்தாங்க. ஏன் டாக்டர்?"

"ஈறுல தங்குற சில பாக்டீரியாவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. குடல்ல இருக்கிறதையும் பாக்குறாங்க. ரத்தத்துல கலந்து, உடம்புல அழற்சிய உண்டாக்கி, அது மூளையையும் பாதிக்கலாம். எல்லாமே இன்னும் 'இருக்கலாம்'தான். இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. பல்லைச் சரி பண்ணினா மறதி போயிடும்னும் சொல்ல மாட்டேன். ஆனாலும் பல்லைச் சரி பண்ணிடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நீ பசங்களுக்குத் தயிரை வச்சுப் பாடம் நடத்துவியே, அதே பூச்சிங்களா?" என்று கேட்டீர்கள்.

"அது நல்லது. இது வேற."

"எல்லாம் நம்ம உடம்புலதானே குடியிருக்குது," என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'நம்ம உடம்புல நாம மட்டும் இல்ல' என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் திடுக்கிட்டுத் தங்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அது எனக்குப் பிடிக்கும். அன்று பஸ்ஸில், என் மடிமேல் கிடந்த உங்கள் கையை நான் அப்படிப் பார்த்தேன்.

பல்லைச் சரி செய்தோம். மறதி அதன் பாட்டுக்கு மெதுவாக நடந்தது. பெயர்கள் போயின, வழிகள் போயின. என்னைத் தெரிந்தது. அது போதும் என்றிருந்தேன்.

பிறகு அந்த அக்னி நட்சத்திர வெயில் வந்தது.

நம் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் உப்பளம்தான். ஆட்கள் விடியலில் வந்து, வெயில் ஏறும் முன் உப்பை வாரிக் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியானத்தில் அங்கே ஒரு உயிர் இருக்காது. வெளிச்சம் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் வரும். நிழல் விழ இடமிருக்காது. அப்படி ஒரு மத்தியானம் நீங்கள் பின்கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன் இவ்ளோ பேர் நிக்கிறாங்க?" என்றீர்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பாத்திகள். யாரும் இல்லை.

"யாருங்க? வேலைக்கு வந்தவங்களா?"

"வேலை செய்யல. சும்மா நிக்கிறாங்க. தண்ணிக்குள்ளதான் நிக்கிறாங்க, ஆனா தண்ணி அலையல பாருங்க."

'பாருங்க' என்ற சொல்தான் முதலில் உறுத்தியது. என்னை நீங்கள் ஒருநாளும் மரியாதை போட்டுப் பேசியதில்லை. மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவளைப் பார்க்கும் பார்வை.

"நீங்க யாரும்மா?"

நான் வசந்தா என்றேன். நீங்கள் பணிவாகத் தலையை ஆட்டினீர்கள், நம்பாதவர்கள் ஆட்டுவது போல. "எங்க டீச்சர் பள்ளிக்கூடம் வுட்டு வர்ற நேரம். அவங்க வந்ததும் பேசிக்கங்க," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பீரோ மேலிருந்த என் பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றி, பஸ் ஸ்டாப் பக்கமிருந்து நடந்து வந்தேன். அந்தப் பை, அந்த நடை, அந்தத் திசை. பார்த்ததும் நினைவு வந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் என்னைத் தாண்டித் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டருகே வந்த பிறகுதான் உங்கள் கண் பையில் விழுந்தது. முகம் வெளிறிப் போயிற்று.

"இது அவங்க பை," என்றீர்கள். பிறகு பின்வாங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தெருவில் யாருக்கும் கேட்காத குரலில், "அவங்கள என்ன பண்ணீங்க?" என்றீர்கள்.

என்னைப் பார்த்து நீங்கள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அதன் பிறகு என் கையால் சாப்பிடவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் நீங்கள் அறைக்குப் போனீர்கள். செய்தி கேட்டு வந்த ஏழுமலை வாசலிலேயே நின்றான். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். உச்சி வெயில்ல உப்பளத்தையே பாத்துக்கிட்டு உக்காந்தா ஏதாச்சும் வந்து புடிச்சுக்கும். எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச பூசாரி ஒருத்தர் இருக்காரு. கூட்டிக்கிட்டு வரட்டுமா?"

காலமெல்லாம் அறிவியல் நடத்தியவள், சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஏனென்றால் உங்கள் கண்ணிலிருந்து என்னைப் பார்த்தது நீங்கள் இல்லை. அதை எந்தப் புத்தகத்தை வைத்தும் எனக்கு நானே மறுக்க முடியவில்லை.

அதற்குள் திண்டிவனத்திலிருந்து நம் மகள் கவிதா வந்துவிட்டாள். அவளை உங்களுக்குத் தெரிந்தது! அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினீர்கள். "கவிதா, அம்மாவைக் காணோம்மா. பையை மட்டும் யாரோ எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க." பக்கத்தில் நின்ற என்னைக் கவிதா பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் சந்தேகத்தோடு பார்த்தது போல எனக்குத் தோன்றியது.

அவள்தான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் முதலில் கேட்டது, "திடீர்னு மாறினாரா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"திடீர்னுதான் டாக்டர். ஒரே நாள்ல."

"அப்ப உடனே கூட்டிக்கிட்டு வாங்க. மறதி நோய் பொதுவா இப்படித் தாவாது. வேற ஏதோ உள்ள புகுந்திருக்குது."

சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்தது. பாக்டீரியா. வெயிலில் நீங்கள் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் சேர்ந்துகொண்டது. "காய்ச்சல்கூட இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன்.

"வயசானவங்களுக்குக் காய்ச்சல் வரணும்னு இல்லம்மா. கிருமி சிறுநீர்ப்பையில இருக்கும், குழப்பம் தலையில தெரியும். ஏற்கெனவே தளர்ந்த மூளை, தாங்காது. மருந்து குடுத்துப் பாப்போம். பழையபடி வந்துடலாம்." மறுபடியும் அதே 'லாம்'.

டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஊசி போட்டார்கள். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே வந்தால் நீங்கள் பதறுகிறீர்கள் என்பதால். சில நாள் கழித்து ஒரு காலையில் கவிதா டீ வாங்கப் போயிருந்தபோது, உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"வசந்தா, எங்க போன? இங்க ஃபேன் ஓட மாட்டேங்குது பாரு."

ஓடி வந்தேன். நீங்கள்தான். கண்ணுக்குள் நீங்கள் திரும்பி வந்திருந்தீர்கள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று உங்களுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டீர்கள். "அந்தம்மா போயிட்டாங்களா?"

"எந்தம்மா?"

"நீ இல்லாதப்ப இங்க இருந்தாங்களே. நல்லவங்கதான். நான் கத்துனாலும் திருப்பிக் கத்தல. உன் புடவைய எடுத்துக் கட்டிக்கிட்டிருந்தாங்க, அதான் எனக்குக் கொஞ்சம் கோவம்."

"என்னங்க, அது நான்தாங்க. உங்களுக்கு உடம்பு சரியில்ல. அதனால என்னைத் தெரியல."

வெகுநேரம் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் குழப்பம் எதுவும் இல்லை. என் மேல் இரக்கம்தான் இருந்தது. "இல்ல வசந்தா. உன்னை எனக்குத் தெரியாதா? அவங்க வேற," என்றீர்கள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "மறுபடி வருவாங்க. வந்தா நீ சண்டை போடாத," என்றீர்கள்.

உப்பளத்தில் நின்றவர்களைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "யாருன்னு தெரியல. யாரும் நம்ம வூட்டைப் பாக்கல. எல்லாருக்கும் முதுகுதான் தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டீர்கள்.

அந்தக் கோடை முழுக்க நீங்கள் என்னோடு இருந்தீர்கள். நான் பெரிய செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே சுற்றினேன். "என்னைக் குளமாக்கிடுவ போலிருக்குது," என்று திட்டிக்கொண்டே குடித்தீர்கள். மழைக்காலம் வந்தது. உப்பள வேலை நின்று, பாத்திகள் ஏரி போலக் கிடந்தன. ஒரு மத்தியானம் பின்கதவருகே நின்று, "ஒருத்தர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருக்காரு," என்றீர்கள். நான் கதவைச் சாத்தினேன். மறுநாள் காபியைக் கையில் கொடுத்தபோது இரண்டு கைகளாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "வந்துட்டீங்களாம்மா?" என்றீர்கள்.

உடனே புதுச்சேரிக்கு ஓடினோம். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். கிருமி என்று வந்துவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் இப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

"இந்தத் தடவை கிருமி எதுவும் இல்லம்மா. இது நோயோட போக்குதான். முகத்தைப் பாத்ததும் இது நம்மாளுன்னு தோணுமே, அந்த வழி மூளையில அடைபட்டுப் போயிருக்குது."

அன்று வீடு திரும்பியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நீங்கள் வாசலில் நின்றபடி, "எங்க டீச்சரைப் பாத்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

"அவங்கதாங்க என்னை அனுப்பினாங்க. வர்றதுக்கு லேட்டாகும், அதுவரைக்கும் வூட்டைப் பாத்துக்கச் சொன்னாங்க," என்றேன்.

உங்கள் தோள்கள் தளர்ந்தன. "அப்படியா? உக்காருங்கம்மா," என்று என் வீட்டில் எனக்கு நாற்காலி போட்டீர்கள்.

அப்படித்தான் அந்த அம்மா நம் வீட்டில் குடியேறினாள். அவள் என்னைவிட மெதுவாகப் பேசினாள். அவசரப்படவில்லை. நீங்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டாள். ஆனால் அவளை நீங்கள் தொடவிடவில்லை. குளிப்பாட்ட வந்தால் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேற வூட்டுப் பொம்பள. தப்பும்மா. டீச்சர் வரட்டும்," என்றீர்கள். இரண்டு நாள் குளிக்காமல் இருந்தீர்கள். மூன்றாம் நாள் உங்களைக் குளியலறைக்குள் விட்டுவிட்டு, செய்வதறியாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே, "என்னங்க, தண்ணி ஆறிடப் போவுது," என்றேன்.

"வசந்தா! வந்துட்டியா?" என்றீர்கள் உள்ளேயிருந்து.

முகம்தான் போயிருந்தது. குரல் போகவில்லை. அதற்குப் பிறகு தினமும் உங்களுக்குப் பின்னால் நின்றுதான் குளிப்பாட்டினேன். "திரும்பாதீங்க, கண்ணுல சோப்பு படும்," என்பேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, என்னோடு உலகக் கதையெல்லாம் பேசினீர்கள். துவட்டி முடித்து நான் முன்னால் வந்த நிமிஷம் நீங்கள் பேச்சை நிறுத்தி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இப்பதாம்மா டீச்சர் உள்ள போனாங்க," என்பீர்கள். நான் உள்ளே திரும்பிப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடிந்ததே இல்லை.

கவிதா ஒரு நாள் போன் செய்தாள். நான் பேசத் தொடங்கியதும், "யாருங்க பேசுறது? அம்மா இல்லையா?" என்றாள். அதற்குப் பிறகு நான் கண்ணாடி பார்க்காமலே பொட்டு வைத்துக்கொள்வேன்.

பின்மாலைகளில் நீங்கள் அந்த அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேசுவீர்கள். பிரம்மதேசம் பள்ளிக்கூடத்தில் போர் மோட்டாரைப் பழுது பார்க்க வந்த கதையை அவளுக்குத்தான் சொன்னீர்கள்.

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவங்க பாடம் நடத்திக்கிட்டிருந்தாங்கம்மா. தயிரு, பாக்டீரியான்னு என்னென்னமோ. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. மோட்டார் எப்பவோ ரெடி. நான்தான் எழுந்திருக்கல. அப்புறந்தான் எங்க வூட்டுல சொல்லிப் பொண்ணு கேக்க வச்சேன்."

எனக்கு இது தெரியாது. தரகர் கொண்டுவந்த சம்பந்தம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"இதை டீச்சர்கிட்ட சொன்னீங்களா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"சொல்லல. சிரிப்பாங்க."

உண்மைதான். நான் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

மார்கழியில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். இந்த முறை கிருமி நுரையீரலில். மருந்து கேட்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வந்த மூன்றாம் நாள் காலை, கவிதா அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கண் விழித்து என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு, இத்தனை நாளும் தொடவிடாத அந்த அம்மாவின் கையை, நீங்களாகவே எடுத்துப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எங்க டீச்சர்கிட்ட சொல்லிடுங்கம்மா," என்றீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்னு. கோவம் ஒண்ணும் இல்லன்னு."

எழுந்து உங்கள் தலைமாட்டுக்குப் பின்னால் போய், 'என்னங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் வந்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் இருந்து சொன்னால் குரலும் உங்களுக்கு அந்நியமாகிவிடும் என்பது எனக்குப் பழகியிருந்தது. ஆனால் எழுந்திருக்க வேண்டுமானால் கையை விடுவிக்க வேண்டும். உங்கள் பிடியில் இருந்த கொஞ்ச பலத்தைப் பார்த்தேன். நான் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நீங்கள் யாருமில்லாமல் போய்விடுவீர்கள் என்று பட்டது.

"சொல்றேங்க," என்றாள் அந்த அம்மா. நீங்கள் அவள் கையைப் பிடித்தபடியே போனீர்கள்.

கிருமியால்தான் இதெல்லாம் வந்ததா என்று கவிதா இன்னமும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். தெருவில் வயதான யாராவது திடீரென்று மாறிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், பூசாரியிடம் போகும் முன் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். ஏழுமலையே போன மாதம் அவன் அம்மாவை அப்படித்தான் கூட்டிப் போனான்.

வீட்டில் இப்போது நான் தனியாக இருக்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த அம்மாவின் குரல் மட்டும் என் தொண்டையிலிருந்து போகவில்லை. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, நான் நினைக்காமலே அது மெதுவாகப் பேசத் தொடங்கும். ஆரம்பத்தில் பயந்து வாயைப் பொத்திக்கொள்வேன். இப்போது பொத்துவதில்லை. அவளை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் சொல்லாமல் போன உங்களை அவளுக்குத்தானே தெரியும்.